போர் மோட்டார் இம்பெல்லர்: ‘நோரில்’ என்று கொடுப்பதெல்லாம் நோரிலா?

மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத வருஷம் என்றால் டெல்டாவில் குறுவை முழுக்க போர் தண்ணீரை நம்பித்தான். தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் ஸ்பேர் கடைகளில் சப்மெர்சிபிள் இம்பெல்லர் (போருக்குள் இறக்கும் பம்பில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் சக்கரம்) கேட்டால், கறுப்பாக இருக்கிற எதையும் “நோரில்தாண்ணே” என்று எடுத்து வைக்கிறார்கள். பொட்டலத்தில் பெயர் இருக்காது. உள்ளே இருப்பது மூன்றில் ஒன்று: அசல் நோரில், கண்ணாடி இழை போட்ட ‘கிளாஸ் நைலான்’, இல்லையென்றால் சுண்ணாம்புத்தூள் கலந்த பாலிபுரொப்பிலீன்.

போருக்கு வாங்க வேண்டியது 20 சதவீதம் கண்ணாடி இழை போட்ட நோரில். பாலிஃபினைலீன் ஈதரும் பாலிஸ்டைரீனும் கலந்த பிளாஸ்டிக் அது. ஒரு நாள் முழுக்க ஊறினாலும் 0.1 சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரும் அதை அரிக்காது.

கிளாஸ் நைலான்தான் ஏமாற்றும் சரக்கு. கையில் வாங்கிப் பார்த்தால் நோரிலைவிடக் கெட்டி. காய்ந்திருக்கும்வரை அது உண்மையும்கூட. 30 சதவீதம் கண்ணாடி போட்ட நைலான் 6 காய்ந்த நிலையில் சுமார் 180 மெகாபாஸ்கல் இழுவை தாங்கும். ஈரம் ஏறினால் 110 பக்கம் இறங்கிவிடும். முழுக்க ஊறும்போது எடையில் 6 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்து உப்பும். இம்பெல்லரில் தண்ணீர் நுழையும் 60 மி.மீ. கழுத்து அரை சதவீதம் உப்பினாலே 0.3 மி.மீ. கூடுகிறது. கழுத்துக்கும் அதைச் சுற்றி பம்பில் இருக்கும் ரிங்குக்கும் நடுவே விடுகிற இடைவெளியை அது தின்றுவிடும். மாட்டிய அன்று லேசாகச் சுற்றும். சில வாரம் போனால் ஆம்பியர் ஏறும், ஸ்டார்ட்டர் ட்ரிப் அடிக்கும், பழி லோ வோல்டேஜ் மேல் போகும்.

கடையிலேயே பிரித்துப் பார்க்கலாம். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து ஜீரோ செய்துகொண்டு, இம்பெல்லரை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் முழுக்க அமிழ்த்துங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளை உதறிவிடுங்கள். தராசு காட்டும் கிராமால் இம்பெல்லரின் எடையை வகுத்தால் அடர்த்தி. 1.2-ஐ ஒட்டி வந்தால் நோரிலாக இருக்கலாம், 1.36 என்றால் கிளாஸ் நைலான். நடுவில் பித்தளை புஷ் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

40 சதவீதம் தூள் போட்ட பாலிபுரொப்பிலீனும் ஏறக்குறைய 1.2-க்கு வந்து நிற்கும் என்பதுதான் சிக்கல். அதே சரக்கின் பழைய துண்டு ஒன்றை வெளியில் வைத்துக் கொளுத்துங்கள், புகையை முகராதீர்கள். கரும்புகையும் நூல்நூலாய்ப் பறக்கும் கரியும் வந்தால் நோரில். மெழுகுவத்தி வாடையோடு சொட்டினால் பாலிபுரொப்பிலீன். மிஞ்சிய சாம்பலில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. கண்ணாடி நுரைக்காது, வெள்ளை இழையாகவே கிடக்கும். சுண்ணாம்புத்தூள் விலையைக் குறைக்கத்தான் உதவும். இழை தரும் பலம் அதில் கிடையாது.

கண்ணாடி கூடினால் மணலுக்குத் தாங்கும் என்று சில கடைக்காரர்கள் சொல்வது தப்புக்கணக்கு. நம் வண்டலில் வருகிற பொடிமணல் மேல்தோலைத் தேய்த்ததும் இழை வெளியே நீட்டிக்கொள்ளும், பரப்பு சொரசொரக்கும், தண்ணீர் குறையும். மணலுக்கு வைத்தியம் ஃபில்டர் பைப்பிலும் கூழாங்கல் நிரப்புவதிலும் இருக்கிறது, இம்பெல்லரில் இல்லை.

வாங்கும்போது நடுத்துளையைச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடும். உருகிய பிளாஸ்டிக்கின் இரண்டு ஓட்டம் சந்தித்த இடம் அது. இழைகள் அதைத் தாண்டிப் போகாததால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். கோடு நகத்தில் தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வெள்ளிக்கீற்று தெரிந்தாலும் வேண்டாம்: பிளாஸ்டிக் மணிகளைச் சரியாக உலர்த்தாமல் வார்த்திருக்கிறார்கள்.

நோரிலுக்கும் ஒரு பலவீனம் உண்டு, எண்ணெய். பம்பைக் கழற்றும் மெக்கானிக் மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவி, கிரீஸ் தடவி ஷாஃப்ட்டில் இறுக்கினால், இறுக்கம் விழும் இடத்தில் வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். வழுக்க வேண்டுமென்றால் சிலிகான் கிரீஸ் போதும்.