பின்-அப் போட்டியில் கிரீடத்தை யார் முடிவு செய்வது? ஹாட் ராட் வார இறுதிக்கு மூன்று வழிகள்

அமெரிக்காவில் ஹாட் ராட் எனப்படும், வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்களை வைத்து நடக்கும் வார இறுதி விழாக்கள் பலவற்றில் பின்-அப் போட்டியும் உண்டு. பின்-அப் என்றால் ஒரு காலத்தில் சுவரில் ஒட்டிவைத்த கவர்ச்சிப் பெண் படங்கள்; அந்தப் பாணியில் உடுத்தி மேடையேறுவதே போட்டி. ஒரு பக்கம் திறந்த கூரை கொண்ட 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர்களும், கூரையை அறுத்துத் தாழ்த்திய 1949 மெர்க்குரிகளும் வரிசை கட்டி நிற்கும். மறு பக்கம், நாற்பதுகளின் காலண்டரிலிருந்து இறங்கி வந்ததுபோல் உடுத்திய பெண்கள் மேடை ஏறுவார்கள். ஒரு மேடை, ஒரு மைக், ஒரு கிரீடம், வேறென்ன வேண்டும் என்று நினைத்து இதில் இறங்கும் கார் கிளப்காரர்கள், விழா முடிவதற்குள் பாதிப் பேரின் கோபத்தைச் சம்பாதித்துக் கொள்வதும் உண்டு.

சண்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: வெற்றியாளரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? ஆன்லைன் ஓட்டு, கூட்டத்தின் கைதட்டல், மதிப்பெண் போடும் நடுவர்கள் என்று மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இது கடைசி அரைமணி நேரத்து விஷயம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. எந்த முறையை அறிவிக்கிறீர்களோ, அதைப் பார்த்துத்தான் யார் பெயர் கொடுப்பது, யார் ஒதுங்குவது என்பதே முடிவாகிறது.

முறைகளுக்குப் போகுமுன், மேடையில் நிற்பவர் யார் என்பதில் தெளிவு வேண்டும். கார் உலகத்தில் இரண்டு மரபுகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பந்தயத்தில் கோப்பை வழங்கவும் விளம்பரத்துக்கும் நிறுவனங்கள் அமர்த்திய பெண்கள். அறுபதுகளில், கியர் லிவர் தயாரித்த ஹர்ஸ்ட் நிறுவனத்தின் 'மிஸ் ஹர்ஸ்ட் கோல்டன் ஷிஃப்டர்' பட்டத்தோடு, காரின் பின்புறம் பொருத்திய மேடையில் ராட்சத கியர் லிவரைப் பிடித்தபடி வலம் வந்த லிண்டா வான் இதில் உச்ச நட்சத்திரம். இன்னொன்று, போர்க்காலத்துப் படக் கலாசாரம். 1943இல் நடிகை பெட்டி கிரேபிள் முதுகைக் காட்டித் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்த அந்த நீச்சலுடைப் படம் படைவீரர்களின் பெட்டிகளுக்குள் உலகம் சுற்றியது. விமானப்படையினர் குண்டுவீச்சு விமானங்களின் மூக்கில் இத்தகைய உருவங்களை வரைந்துகொண்டார்கள். 'மெம்ஃபிஸ் பெல்' பி-17 விமானத்தில் இருந்தது பின்-அப் ஓவியர் ஜார்ஜ் பெட்டியின் படத்துப் பெண். போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்களில் பலர்தான், கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளை விரட்டினார்கள். ஹாட் ராடும் பின்-அப்பும் ஒரே தலைமுறையின் சுவரில் ஒட்டியிருந்தவை.

இன்றைய போட்டியாளர் இந்த இரண்டாவது மரபிலிருந்து வருகிறார். யாரும் அவரை அமர்த்தவில்லை. உடையைத் தானே தேடி வாங்குகிறார் அல்லது தைக்கிறார். தலைமுடியைச் சுருட்டி விக்டரி ரோல் போட விடியற்காலையிலேயே எழுந்திருக்கிறார். சிலர் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டே வருகிறார்கள். ஆகவே இதை வெறும் அழகிப் போட்டியாக நடத்தினால் அவர்கள் போட்ட உழைப்பைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். எனக்கு இது காஸ்ட்யூம், நடிப்பு, வரலாற்று அறிவு மூன்றும் சேர்ந்த கைவினைப் போட்டி. இந்தக் கண்ணோடுதான் மூன்று முறைகளையும் எடை போடுகிறேன்.

ஆன்லைன் ஓட்டு

பெரிய விழாக்களுக்குப் பிடித்த வழி. ஐம்பதுகளின் ராக்கபிலி இசையையொட்டி 1998இல் தொடங்கிய விவா லாஸ் வேகஸ் ராக்கபிலி வீக்கெண்ட் விழா இதற்கு நல்ல உதாரணம். அங்கே படங்களை முன்கூட்டியே வாங்கி, பொதுமக்கள் ஓட்டில் இறுதிச் சுற்றுக்கு ஆட்களைப் பொறுக்கி, கார் ஷோ நாளில் மேடையேற்றுகிறார்கள். பல நாடுகளிலிருந்து பெயர்கள் குவியும் விழாவுக்கு வடிகட்ட ஏதாவது ஒரு சல்லடை வேண்டும். அந்த அளவில் இது நியாயம்தான்.

ஏற்பாட்டாளருக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. போட்டியாளர் ஒவ்வொருவரும் தனக்கு ஓட்டுக் கேட்டுப் பதிவு போடும்போது, விழாவுக்கும் காசில்லாத விளம்பரம் கிடைக்கிறது. இறுதிப் பட்டியல் முன்பே தெரிவதால் நிகழ்ச்சி நிரல் அச்சடிக்கலாம், பரிசுப் பொருளைச் சரியான எண்ணிக்கையில் வாங்கலாம்.

குறைகள் கனமானவை. ஜெயிப்பது படம், ஆள் அல்ல. நல்ல போட்டோகிராஃபருக்குப் பணம் கொடுத்து, கணினியில் தோலை மெழுகிய படம் மேலே போகும். சமையலறைச் சன்னலோரம் தங்கை எடுத்த படம் கீழே கிடக்கும். அப்புறம், பின்தொடர்பவர் எண்ணிக்கை. பதினாயிரம் பேர் பின்தொடரும் ஒருவருக்கு எதிராக, முதல்முறை வரும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை என்ன செய்வார்? பெயரே கொடுக்க மாட்டார். போலிக் கணக்குகளில் விழும் கள்ள ஓட்டு தனிக்கதை. ஊர் மைதானத்தில் இருநூறு கார் சேரும் விழாவுக்கு இந்த முறையைக் கடன் வாங்குவது வீண் வேலை. சல்லடைக்கு அங்கே என்ன தேவை?

கைதட்டல்

செலவே இல்லாத வழி. தொகுப்பாளர் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் கை நீட்டுவார், கூட்டம் கத்தும், சத்தம் அதிகம் வந்தவருக்குக் கிரீடம். ஐம்பதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கைதட்டலை அளக்க முள் வைத்த கருவியோடு நிகழ்ச்சியே நடந்திருக்கிறது என்பதால், காலத்துக்கும் பொருத்தமானது என்று வாதிடலாம். கூட்டத்துக்கும் உற்சாகம். பார்வையாளர்கள் வெயிலில் நின்றபடி வேடிக்கை மட்டும் பார்க்காமல் தாங்களும் ஒரு கை போடுகிறார்கள்.

ஆனால் இதில் ஜெயிப்பது சொந்தபந்தம். யாருடைய கார் கிளப் முப்பது பேரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறதோ அவர் பக்கம்தான் சத்தம். இன்னொரு ஆபத்தும் உண்டு: மதியத்துக்குள் நாலு பீர் உள்ளே போன கூட்டத்திடம் தீர்ப்பை ஒப்படைத்தால், குறைவாக உடுத்தியவருக்குக் கூச்சல் கூடும். அதைப் பார்த்த அடுத்த வருடப் போட்டியாளர்கள் என்ன உடுத்துவார்கள், யார் வராமலே போவார்கள் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

இதன் உறவுக்காரன்தான் டாலர் ஓட்டு. ஒவ்வொரு போட்டியாளர் பெயரிலும் ஒரு ஜாடி வைத்து, ஒரு டாலருக்கு ஓர் ஓட்டு என்று வசூலித்து அறப்பணிக்குக் கொடுப்பது. பணம் நன்றாகச் சேரும். ஆனால் முதல் பரிசையே அதற்குக் கொடுத்தால் கிரீடத்தை ஏலம் விட்ட கதையாகிவிடும். ஜாடிக்கு 'மக்கள் தேர்வு' என்று தனிப் பட்டை கொடுத்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பணம் எந்த அமைப்புக்குப் போகிறது என்று ஜாடியிலேயே எழுதி ஒட்டுங்கள், எண்ணுவதை இரண்டு பேராகச் செய்யுங்கள்.

நடுவர் குழு

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் நடுவர்களை மேடையோரம் உட்கார வைத்துவிட்டால் மட்டும் நியாயம் வந்துவிடாது. கிளப் தலைவர், விழாவுக்குப் பணம் கொடுத்த டயர் கடைக்காரர், அவருடைய நண்பர் என்று மூன்று ஆண்களை உட்கார வைத்தால் கைதட்டலை விட மோசமான முடிவு வரும், அதுவும் ரகசியமாக.

மூன்று பேர் போதும். ஒருவர் பழைய உடைகளில் புழங்குபவர், விண்டேஜ் துணிக்கடை நடத்துபவரோ தையல் தெரிந்தவரோ. ஒருவர் அந்தக்காலச் சிகை அலங்காரம் தெரிந்தவர். இன்னொருவர் முந்தைய ஆண்டு வென்றவர் அல்லது மேடை அனுபவம் உள்ளவர். போட்டியாளர் யாருக்கும் இவர்கள் உறவாக இருக்கக் கூடாது. சின்ன ஊரில் அது கஷ்டம் என்றால் பக்கத்து ஊரிலிருந்து கூப்பிடுங்கள்.

இவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? நாற்பதுகள் வேறு, ஐம்பதுகள் வேறு. 1942இல் அமெரிக்க அரசின் எல்-85 ஆணை, பெண்கள் உடைக்கு எவ்வளவு துணி போகலாம் என்று கட்டுப்பாடு போட்டது. பாவாடை குறுகியது, மடிப்புகள் குறைந்தன. நைலான் முழுக்க பாராசூட்டுக்கும் மற்ற போர்த் தேவைகளுக்கும் போய்விட்டதால், ஸ்டாக்கிங்ஸ் கிடைக்காத பெண்கள் கெண்டைக்காலில் பென்சிலால் தையல்கோடு வரைந்துகொண்டார்கள். 1947 பிப்ரவரியில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் காட்டிய புதிய பாணிக்குப் பிறகுதான் குறுகிய இடையும் கஜக்கணக்கில் விரியும் பாவாடையும் வந்தன. நாற்பதுகளின் விக்டரி ரோலோடு ஐம்பதுகளின் குடைப் பாவாடையைச் சேர்த்தால் பார்க்க அழகுதான், ஆனால் இரண்டு காலமும் ஒரே உடம்பில் நிற்கின்றன. பின்-அப் மாடல் பெட்டி பேஜ் போல நெற்றியில் முடி வெட்டியவர் ஐம்பதுகளின் ஆள். காலத்தை ஒன்றாகப் பிடித்து, காதணி வரை கொண்டுபோனவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுப்பதே முறை.

இதற்காகக் கண்டிப்பை முறுக்கிவிடவும் கூடாது. 'அசல் பழைய உடை மட்டும்' என்று சட்டம் போடும் போட்டிகளை நான் ஆதரிப்பதில்லை. அந்தக்கால உடைகள் பெரும்பாலும் சிறிய அளவில்தான் கிடைக்கின்றன, விலையும் ஏறிவிட்டது. பருமனான பெண்களையும் கையில் காசு குறைந்தவர்களையும் அந்த ஒரு வரியே விரட்டிவிடும். பழைய மாதிரியில் புதிதாகத் தைத்ததும் சரி, பச்சை குத்திய கைகளும் சரி. அந்தக் கைகளில் பேகலைட் என்ற அந்தக்காலப் பிளாஸ்டிக் வளையலும் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது பாவனை. பிரவுன் அண்ட் பிகிலோ காலண்டர்களுக்கு கில் எல்வ்கிரென் வரைந்த பெண்களைப் பாருங்கள். நாய்ச் சங்கிலி காலைச் சுற்றியிருக்கும், பாவாடை எங்காவது மாட்டியிருக்கும், முகத்தில் 'அடடா' என்று ஒரு வியப்பு. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கதை. இடுப்பில் கைவைத்து நிற்பதோடு முடிக்காமல் அரை நிமிடத்தில் இப்படி ஒரு கதையைச் சொல்பவருக்குத்தான் கூட்டம் சிரிக்கும். இந்தப் படங்களை ஆண்கள் மட்டுமே வரைந்தார்கள் என்று யாராவது சொன்னால் ஜோயி மோசர்ட்டின் பெயரைச் சொல்லுங்கள். தன்னையே மாடலாக வைத்து வரைந்த பெண் அவர்.

உடைக்கு நாற்பது, சிகைக்கும் ஒப்பனைக்கும் இருபது, மேடைப் பாவனைக்கு முப்பது, கேள்வி பதிலுக்குப் பத்து என்று பிரிக்கலாம். கேள்வி அவர்கள் உடையைப் பற்றியோ பிடித்த காரைப் பற்றியோ இருக்கட்டும். உலக சமாதானத்தை யாரும் அந்த வெயிலில் தீர்த்து வைக்கப் போவதில்லை. மதிப்பெண் தாளில் என்னென்ன தலைப்பு, எதற்கு எவ்வளவு என்பதைப் பதிவு செய்யும்போதே போட்டியாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். நடுவர் முறையின் மீது வரும் பழிகளில் முக்கால்வாசி இந்த ஒரு காரியத்தில் அடங்கிவிடும்.

முன்பதிவா, அன்றைக்கே பெயர் கொடுப்பதா?

இரண்டும் வேண்டும். முன்பதிவு மட்டும் வைத்தால் பட்டியலில் இருப்பவர் சிலர் கடைசி நிமிடத்தில் வரமாட்டார்கள், மேடை காலியாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் என்றால் எத்தனை பேர் என்றே தெரியாமல் தவிப்பீர்கள். மொத்தம் பதினைந்து இடம் என்று வைத்து, பத்தை முன்பதிவுக்கும் ஐந்தைக் காலையில் வருபவர்களுக்கும் ஒதுக்குவது நல்ல கணக்கு. கணவன் காரைத் துடைத்துக்கொண்டிருக்க, போல்கா புள்ளி உடையில் சும்மா சுற்றிப் பார்க்க வந்த பெண்மணி சில சமயம் அந்த ஐந்தில் ஒருவராகி எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். வயது 18க்கு மேல், படம் எடுத்து வெளியிட எழுத்தில் சம்மதம், நீச்சலுடை உண்டா இல்லையா என்ற விதி, இவை பதிவுத் தாளிலேயே இருக்கட்டும்.

மேடையா, காருக்குப் பக்கத்திலா?

படம் எடுப்பவர்கள் காரைத்தான் கேட்பார்கள். குரோம் பளபளப்பும் சிவப்பு உதட்டுச்சாயமும் ஒரே சட்டகத்தில் வந்தால் யாருக்குத்தான் ஆசை இருக்காது. ஆனால் போட்டியையே கார்களுக்கு நடுவே நடத்துவதில் வில்லங்கம் அதிகம். பெல்ட் பக்கிளும் ஜீன்ஸ் குமிழும் பல மாதம் தேய்த்து மெருகேற்றிய பெயின்ட்டில் ஒரே உரசலில் கோடு போட்டுவிடும். பானெட் இல்லாத ரோட்ஸ்டரில் எக்ஸாஸ்ட் குழாய்கள் வெளியே தெரியும்படி, சரியாகப் பெட்டிகோட் உயரத்தில் ஓடும். ஓட்டி வந்து நிறுத்திய கொஞ்ச நேரத்துக்கு அதில் நைலான் பட்டால் உருகும், கால் பட்டால் கொப்பளிக்கும். சில விழாக்களில் எக்ஸாஸ்டிலிருந்து நெருப்புக் கக்க வைக்கும் போட்டி வேறு நடக்கும். ஹேர்ஸ்பிரே அடித்த தலைகளை அதிலிருந்து தூரமாக வையுங்கள்.

மேடை பாதுகாப்பானது, எல்லார் கண்ணுக்கும் படும், ஒலியும் கேட்கும். போட்டியை மேடையில் முடித்துவிட்டு, உரிமையாளர் சம்மதித்த இரண்டு மூன்று கார்களைக் குளிர்ந்த எஞ்சினோடு நிழலில் நிறுத்தி, படப்பிடிப்பைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது. சாய்வதற்கு முன் கேட்க வேண்டும் என்பதைப் போட்டியாளர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அவர்களுக்கு அது தெரியும். போட்டோகிராஃபர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

நேரம் சனிக்கிழமை மதியத்துக்கு முன்போ, வெயில் தாழ்ந்த பிறகோ. ஞாயிறு மாலை வேண்டாம், தொலைதூரத்துக் கார்கள் அதற்குள் கிளம்பிவிடும். தலைமுடியைச் சரிசெய்ய ஒரு கூடாரம், உள்ளே கண்ணாடி, நாற்காலி, தண்ணீர், மின்சார இணைப்பு. பாட்டு போடுவதென்றால், பாடல்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்புகளான ஆஸ்காப், பிஎம்ஐ ஆகியவற்றின் உரிமம் மைதானத்துக்கு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

தொகுப்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். இரட்டை அர்த்த ஜோக் அடிக்கும் ஒருவர் மைக்கைப் பிடித்தால் நடுவர் குழு, மதிப்பெண் தாள் எல்லாமே பாழ். போட்டியாளர் எழுதிக் கொடுத்த நாலு வரி அறிமுகத்தைப் பிழையில்லாமல் படிப்பவர், முடிந்தால் ஒரு பெண், போதும். சமநிலை வந்தால் உடைக்கான மதிப்பெண் யாருக்கு அதிகமோ அவருக்கே முதல் இடம் என்றும் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.