ஏழு கோடை, ஒரு மேக்ரோ லென்ஸ், ஓயாத ‘கர்ர்ர்’

போன வாரம்தான் என் மேக்ரோ லென்ஸ், பூ பூச்சியை ரொம்பக் கிட்டே போய் எடுக்கிற கேமரா லென்ஸ், மதுரையிலிருந்து திரும்பி வந்தது. உள்ளே பிடித்திருந்த பூஞ்சையை எடுத்ததற்கு 3,800 ரூபாய், இரண்டு முறை போய்வந்த பஸ் செலவு தனி. அந்த எரிச்சல் ஆறுவதற்குள், கூட வேலை பார்த்த தம்பி ஒருத்தன் வாட்ஸாப்பில் கேட்கிறான்: “அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல மேக்ரோ லென்ஸ் எல்லாம் பாதி விலைக்கு வந்துட்டு. மாடியில பூச்செடி நிறைய வச்சிருக்கேன். வாங்கிரலாமா?”

எல்லோரும் மிரர்லெஸ் என்கிற புதுவகைக் கேமரா பக்கம் போய்விட்டதால் பழைய டிஎஸ்எல்ஆர் வகைக் கேமரா லென்ஸ்களின் விலை இறங்கிக் கிடப்பது உண்மைதான். ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். அது இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

என்னுடையது 100 மி.மீ. மேக்ரோ, எஃப் 2.8 (லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்ற கணக்கு, எண் கூடினால் வாய் சுருங்கும்). கிராப் சென்சார், அதாவது படம் பதியும் சில்லு கொஞ்சம் சின்னதாக உள்ள கேமராவில் மாட்டியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், திட்டப்போகிறேன். 2019 சித்திரையில் வாங்கியது. பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேம்பு, சுவரோரம் செம்பருத்தியும் குண்டுமல்லியும், மாடியில் அடினியம், காகிதப்பூ, பத்துமணிப்பூ என்று தொட்டிகள். லென்ஸ் இந்தக் காம்பவுண்டைத் தாண்டிப் போனது ரொம்பக் குறைவு. 2020 கோடை முழுக்க ஊரடங்கில் வேறு போக்கிடமும் கிடையாது. ஒரே செம்பருத்திச் செடியை இரண்டு மாதம் படமெடுத்தவன் நான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு வராது.

வேப்பம்பூவை நாற்பது வயசு வரைக்கும் நான் பார்த்ததே இல்லை. ரசத்தில் பார்த்திருக்கிறேன், சித்திரை ஒண்ணாம் தேதி பச்சடியில் பார்த்திருக்கிறேன், முற்றத்தில் கூட்டித் தள்ளியிருக்கிறேன். முழுசாக விரிந்தாலும் ஒரு செ.மீ. அகலம்தான் வரும் பூ அது. லென்ஸை 1:1 வரைக்கும், அதாவது பூ தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் வரைக்கும், திருகி வைத்துக்கொண்டு கிட்டே போனால், பின்னோக்கி வளைந்த ஐந்து வெள்ளை இதழ், நடுவில் பால் நிறத்தில் ஒரு சின்னக் குழல், குழலின் வாயில் வரிசையாக மகரந்தப் பைகள் பத்து. யாரோ உட்கார்ந்து தந்தத்தில் கடைந்த மாதிரி இருக்கும். முதல் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதையால இத்தன வருஷமா எண்ணெயில வறுத்தேன்?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “வறுத்தாத்தான ருசி” என்று போய்விட்டாள்.

காகிதப்பூவில் நாம் பூ என்று நினைக்கும் ரோஸ் நிறம் பூவே இல்லை, பூவடி இலை. நிஜப்பூ நடுவில் குச்சி மாதிரி நிற்கும் மூன்று சின்ன வெள்ளை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அந்த வெள்ளைக்கு ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்த பாவாடை மாதிரி ஒரு மடிப்பு உண்டு என்பதை லென்ஸ்தான் சொன்னது. பத்துமணிப்பூவில் இன்னும் வேடிக்கை. நடுவில் உள்ள மகரந்தக் காம்புகளை ஒரு துரும்பால் தொட்டால் மெல்ல அசையும். தேனீ உட்கார்ந்தால் அந்தக் கூட்டம் முழுக்க நெளியும். வெறும் கண்ணுக்கு அது பிடிபடாது. ஒருநாள் வியூஃபைண்டருக்குள் பார்த்துவிட்டு, மோட்டார் ஏதோ ஆடுகிறது என்று நினைத்துக் கேமராவை அணைத்தேன்.

பின்னணியையும் சொல்ல வேண்டும். மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது, பார்க்க அசிங்கம். அடினியத்தை அதற்கு இரண்டடி முன்னால் நகர்த்தி, எஃப் 4-இல் எடுத்தால் அது ஸ்டூடியோவில் தொங்கவிட்ட கறுப்புத் திரை. எடுத்தது தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

நல்லது முடிந்தது.

இந்த லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஃபோகஸ் லிமிட்டர். ஆட்டோஃபோகஸ் தேவையில்லாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடாமல் கட்டிப்போடுவதற்கு. அதில் இரண்டே நிலை. ஒன்று ‘முழுத் தூரமும்’. இன்னொன்று ‘அரை மீட்டருக்கு அப்பால்’. அதாவது, தூரத்தில் உள்ளதை எடுக்கும்போது கிட்டே தேடாதே என்று சொல்லலாம். கிட்டே உள்ளதை எடுக்கும்போது தூரத்தில் தேடாதே என்று சொல்ல வழியே கிடையாது. இது மேக்ரோ லென்ஸ்! கிட்டே எடுப்பதற்கென்றே காசு கொடுத்து வாங்குவது! ஏழு வருஷமாக இதை யோசிக்கிறேன். அந்த சுவிட்சை வடிவமைத்தவர் வாழ்நாளில் ஒரு பூவின் முன்னால் குனிந்ததில்லை என்றுதான் முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது.

விளைவு என்ன? வெள்ளை மல்லிக்கு முன்னால் கேமராவை நீட்டுகிறேன். இதழ் வழவழப்பாக, ஒரே வெள்ளையாக இருக்கிறது. ஃபோகஸ் பிடித்துக்கொள்ள அதில் கோடோ விளிம்போ இல்லை. மோட்டார் கிளம்புகிறது. கர்ர்ர்... முடிவிலி வரை போகிறது. அங்கே என்ன இருக்கிறது, எதிர்வீட்டு ஆண்டெனா. திரும்ப கர்ர்ர்... மூக்கு நுனிவரை வருகிறது. பூவைத் தாண்டி வருகிறது. மறுபடி போகிறது. சாதாரண லென்ஸில் இந்த ஓட்டம் ஒரு நொடியில் முடியும். மேக்ரோவில் திருகவேண்டிய தூரமே அதிகம் என்பதால் ஒரு தடவை போய்வரவே பொறுமை போய்விடும். சத்தத்தில் பூச்சி பறந்துவிடும். “ஏல, பூவுக்கு முன்னால என்ன மிஷினு ஓட்டுத?” என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

உச்சம், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசி ராத்திரி. மாடிப்படி ஓரத்து நிஷாகந்தியில் ஒரே நேரத்தில் நான்கு மொட்டு. ஒன்பது மணிக்கு மேல் மெல்ல வாய் திறந்து நடுராத்திரியில் முழுசாக விரிந்து, விடியுமுன் தொங்கிவிடுகிற பூ. அக்கம்பக்கம் எல்லோரும் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஸ்டாண்ட், டார்ச் எல்லாம் சகிதமாகத் தயார். இருட்டு, வெள்ளைப் பூ, போதாக்குறைக்கு டார்ச் வெளிச்சம். லென்ஸ் கர்ர்ர் என்றது. ஊரே பார்க்க இன்னொரு முறை கர்ர்ர். பத்து நிமிஷம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பாப்பா, ஆறாவதோ ஏழாவதோ படிக்கிறது, “மாமா, கொஞ்சம் தள்ளுங்க” என்று சொல்லி ஃபோனை நீட்டி ஒரு தட்டுத் தட்டியது. அந்தப் படம்தான் இன்றுவரை எங்கள் தெருவின் வாட்ஸாப் குழுவுக்கு முகப்பு. நல்ல படம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நியாயமாகப் பேசவேண்டும் என்றால், என் கோபத்தில் பாதி இயற்பியல் மேல். 1:1-இல் எஃப் 8 வைத்தால் தெளிவாக வரும் ஆழம் ஒரு மி.மீ. கூடத் தேறாது. வேப்பம்பூக் குழலின் வாய் கூர்மையாக இருந்தால் இதழ் நுனி கரைந்துவிடும், இதழைப் பிடித்தால் குழல் போச்சு. சரி, ஆழம் கூட எஃப் 16, 22 என்று வாயை அடைக்கலாமே என்றால், அவ்வளவு கிட்டே போகும்போது வெளிச்சம் ஏற்கெனவே இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) குறைந்துவிடுகிறது. எஃப் 2.8 என்று வாங்கியது அங்கே கிட்டத்தட்ட எஃப் 5.6 ஆகத்தான் வேலை செய்யும். 16 என்று வைத்தால் 32 வைத்த கணக்கு, படம் முழுக்க மழுங்கல். எந்த நிறுவனத்தின் மேக்ரோவும் இதிலிருந்து தப்பாது.

செம்பருத்தியும் அப்படித்தான். சிவப்பு இதழ் படத்தில் மடிப்பும் நரம்பும் இல்லாமல் குங்குமத்தை அப்பியது மாதிரி வருகிறது என்று ஒரு வருஷம் லென்ஸைத் திட்டினேன். லென்ஸ் பாவம். சென்சாரில் சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்துவிடுகிறது, வெளிச்சத்தின் அளவை வரைந்து காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராமில் அது தெரிவதில்லை. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தால் நரம்பெல்லாம் திரும்பி வருகிறது. தம்பி, இதைக் குறித்துக்கொள். சித்திரை வைகாசி வெயிலில் நூறு படத்தை மிச்சப்படுத்தும்.

மல்லியில் எனக்குள்ள பிரச்சினை லென்ஸும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அம்மா. குண்டுமல்லி விரிவது சாயங்காலத்துக்கு மேல். பறிப்பது காலையில், மொட்டாக. ஆகவே எங்கள் வீட்டில் செடியில் மல்லி விரிந்ததே கிடையாது. “விரிஞ்ச பொறவு கட்டுனா உதுந்து போவும்லா” என்பது அவள் கட்சி. கடைசியில் தினம் மூன்று மொட்டு எனக்கு என்று உடன்படிக்கை ஆனது. அந்த மூன்றிலும் ஒன்றை வெள்ளிக்கிழமை சாமிக்கு என்று எடுத்துவிடுவாள்.

அப்புறம் காற்று. கயத்தாற்றில் காற்றாலைகளை நட்டு வைத்தவர்கள் விவரம் தெரியாமல் நடவில்லை. வைகாசிக் கடைசியில் மேற்கே இருந்து கிளம்பினால் ஆடி முடிகிற வரை ஒரு பூ ஒரு இடத்தில் நிற்காது. ஒரு மி.மீ. ஆழத்தை வைத்துக்கொண்டு இரண்டங்குலம் ஆடும் பூவை எடுப்பது, ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஊசியில் நூல் கோப்பது. ஆகவே என் நேரம் காலை ஆறிலிருந்து ஏழு. அப்போது கொஞ்சம் அசையாமல் இருக்கும். தொட்டியில் மூங்கில் குச்சி ஊன்றி, துணிக் கிளிப்பால் காம்பைப் பிடித்துவிடுவேன். நிழல் பக்கத்துக்கு ஒரு தெர்மாகோல் துண்டு. வெயில் ஏறினால் மேலே அப்பாவின் பழைய வேட்டியைப் பிடித்தால் வெளிச்சம் பஞ்சு மாதிரி இறங்கும். அந்த வேட்டியைத்தான் வேப்பம்பூ விழ மரத்தடியில் விரிப்பார்கள் என்பதால் பங்குனி கடைசியில் அதற்கும் போட்டி.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டேன், அதுதான் விஷயம். நிஷாகந்தி ராத்திரிக்குப் பிறகு. வளையத்தை வேண்டிய அளவுக்குத் திருகி வைத்துவிட்டு, கவிழ்த்த வாளியில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து உடம்பையே முன்னும் பின்னும் நகர்த்துவது. கூர்மை வரும் இடத்தில் படபடவென்று அழுத்து. இருபதில் ஒன்று தேறும். பந்துப்பூவுக்கு இந்த முறை தவிர வேறு வழியே இல்லை. மாசக்கணக்கில் மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கிவிட்டு, கோடைமழை இரண்டு விழுந்ததும் மே மாதத்தில் செக்கச்செவேல் என்று ஒற்றைப் பந்தாக எழும்பி நிற்கும். பந்து என்பது நூற்றுக்கணக்கான காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் புள்ளி. இதில் எந்தப் புள்ளியைப் பிடிப்பது என்று மோட்டாருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. ஒரு வாரத்தில் வதங்கிவிடும், இனி அடுத்த மே.

இத்தனையும் பழகி, சமாதானமாகி இருந்தபோதுதான் பூஞ்சை. தப்பு என்னுடையது. போன ஐப்பசி கார்த்திகை மழையில் லென்ஸைத் தோல் பையோடு மர அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனேன். தோலும் துணியும் ஈரத்தை விடாது. பங்குனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை. வேப்பம்பூவுக்கு முன்னால் சரிசெய்து தருவதாகச் சொன்ன கடைக்காரர், ஆனி பிறந்த பிறகு கொடுத்தார். “கோட்டிங்ல லேசா தடம் விழுந்துட்டு சார், அது போகாது. படத்துல தெரியாது” என்றார். தெரிகிறது. எதிர்வெயிலில் எடுத்தால் ஒரு மூலை பால் ஊற்றியது போல வெளுக்கிறது. இப்போது காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கிடக்கிறது. அரிசியில் போட்டு வை என்று யாராவது சொன்னால் கேட்காதே, தவிட்டுத் தூசி உள்ளே போகும்.

ஒரு கோடை முழுக்க இந்த லென்ஸ் இல்லாமல் போனது. வேப்பம்பூ போச்சு, பந்துப்பூ போச்சு. ஃபோனில் எடுத்தேன். நன்றாகவே இருந்தது. எல்லாமே தெளிவாக, எல்லாமே ஒரே மாதிரி. பத்துமணிப்பூ மட்டும் நெளியவே இல்லை.

ஆகவே தம்பி, வாங்காதே. பாதி விலை என்றாலும் வாங்காதே. அந்த சுவிட்சுக்காகவே வாங்காதே. உன் ஃபோன் போதும். ரொம்ப ஆசையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து என்னுடையதைக் கொண்டுபோ. இந்தக் காற்றில் எனக்கு ஒரு உபயோகமும் இல்லை. ஆனால் பங்குனி பாதிக்குள் திரும்ப வந்துவிட வேண்டும், டப்பாவோடு. மூடியைத் தொலைத்துவிடாதே, இது ஏற்கெனவே மூன்றாவது மூடி.