கடைக் கணினியின் தரவு ஃபைலுக்கு எந்த லைப்ரரி: டிபிஎஃப், எஸ்க்யூலைட், எல்எம்டிபி, பெர்க்லி டிபி

பில் போடும் புரோகிராமுக்கு எந்தத் தரவு லைப்ரரி (தரவை ஃபைலில் எழுதித் தேடித் தரும் நிரல்தொகுப்பு) என்று பேச்சு வந்தாலே வேகத்தை அளக்கக் கிளம்பிவிடுகிறார்கள். புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடையோ பண்ருட்டி முந்திரி மண்டியோ, ஒரு நாளில் போடும் பில் இந்த நான்கில் எதற்கும் பாரமே இல்லை. பார்க்க வேண்டியது வேறு: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும், இரண்டாவது கவுண்ட்டர் வந்தால் என்ன ஆகும், தமிழ்ப் பெயர் அகரவரிசையில் நிற்குமா.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்தது. ஆனால் ஃபைலுக்குப் புயல் பெரிய எதிரி இல்லை. அது வருவது முன்பே தெரியும், கணினியை அணைத்து வைத்துவிடலாம். மத்தியானம் அரை விநாடி போய் வரும் கரண்டும் பேட்டரி செத்த யூபிஎஸ்ஸும்தான் எதிரி.

டிபிஎஃப் (ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் போன்ற பழைய மென்பொருள்களின் டேபிள்) ஃபைலில் இதன் விளைவைக் கையால் கணக்குப் போட்டே பார்க்கலாம். தலைப்பகுதி 32 பைட், ஒவ்வொரு ஃபீல்டுக்கும் (பெயர், தொகை போன்ற ஒரு கட்டம்) இன்னொரு 32, முடிவில் 1. 20 ஃபீல்டு என்றால் 673 பைட் (விஷுவல் ஃபாக்ஸ்புரோ இதற்கு மேல் 263 பைட் சேர்க்கும்). ஒரு ரெக்கார்டு (இங்கே ஒரு பில்) 150 பைட், தலைப்பகுதியில் எழுதியிருக்கும் எண்ணிக்கை 12,400 என்றால், கடைசியில் வரும் ஃபைல்முடிவுக் குறி ஒரு பைட்டையும் சேர்த்து ஃபைல் 18,60,674 பைட் இருக்க வேண்டும். டிஸ்க்கில் 18,60,974 என்று காட்டினால், கடைசி இரண்டு பில் உள்ளே வந்துவிட்டன, எண்ணிக்கை மட்டும் மாறவில்லை என்று பொருள். நகல் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிக்கையை 12,402 ஆக்கினால் அவை திரும்பக் கிடைக்கும்.

பில் கிடைத்தாலும் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட வைத்திருக்கும் வரிசைப் பட்டியல்) கெட்டிருக்கும். ஃபாக்ஸ்புரோவின் ரீஇண்டெக்ஸ் கட்டளை பழைய சிடிஎக்ஸ் என்ற இண்டெக்ஸ் ஃபைலின் தலைப்பகுதியில் உள்ள வரையறையை நம்பித்தான் வேலை செய்யும். அதுவே கெட்டிருந்தால் பயனில்லை. சிடிஎக்ஸை அழித்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். அதற்கு ஒவ்வொரு இண்டெக்ஸின் கீ எக்ஸ்பிரஷனும் (எதை வைத்து அடுக்குவது என்ற விதி) எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். இதை எழுதி வைக்காத கடைகள்தான் மாட்டிக்கொள்கின்றன. கிளிப்பரின் இண்டெக்ஸ் ஃபைலான என்டிஎக்ஸில் இன்னொரு வம்பு: சிடிஎக்ஸ் டேபிளோடு தானே திறக்கும், என்டிஎக்ஸ் திறக்காது. அதைத் திறக்காமல் பில் சேர்த்தால் ஃபைலில் பில் இருக்கும், தேடினால் வராது.

பழைய புரோகிராம் இன்னும் அதே ஃபைலைத் தொடுகிறது என்றால் டிபிஎஃப்பை விட்டு நகர வழியில்லை. சி மொழியில் எழுதப்பட்ட கோட்பேஸ் போன்ற லைப்ரரியைக் கொண்டு அதே சிடிஎக்ஸைத் திறந்து, புதிய திரையை மட்டும் மேலே கட்டுவது நியாயமான வழி. புதிதாகத் தொடங்குகிறவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

அவருக்கு எங்கள் பதில் எஸ்க்யூலைட். டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டிய ஒரு பதிவு வேலை) பாதியில் அறுந்தால் அடுத்த முறை திறக்கும்போது தானே சரிசெய்துகொள்ளும், யாரும் கட்டளை கொடுக்க வேண்டாம். ஜர்னலை (மாற்றங்களின் பாதுகாப்புக் குறிப்பு) வால் (WAL, மாற்றத்தை முதலில் தனி ஃபைலில் எழுதுவது) முறைக்கு மாற்றுங்கள். இது 2010-இல் வந்த 3.7.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. சிங்க்ரனஸ் அமைப்பை (எழுதியது டிஸ்க்கில் சேர்ந்ததா என்று எவ்வளவு உறுதிசெய்வது என்பது) ஃபுல்லிலேயே விடுங்கள். நார்மலுக்கு இறக்கினால் ஃபைல் கெடாது, ஆனால் கரண்ட் போகும் முன் போட்ட கடைசி சில பில்கள் காணாமல் போகலாம். வாடிக்கையாளர் கையில் ரசீது இருக்கும், உங்களிடம் இருக்காது. பிஸி டைம்அவுட் (லாக் விலகக் காத்திருக்கும் நேரம்) தொடக்கத்தில் 0. அதை 5,000 மில்லி விநாடி ஆக்காவிட்டால் இரண்டு புரோகிராம் ஒரே நேரத்தில் எழுதும்போது லாக் பிழை உடனே வந்து நிற்கும்.

வால் முறையில் பிரதான ஃபைலோடு ஒரு வால் ஃபைலும் நிஜமாகவே வால் போலத் தொங்கும். ஏறத்தாழ 4 எம்பி வரை புதிய பில்கள் அதில்தான் இருக்கும். கடை திறந்திருக்கும்போது பிரதான ஃபைலை மட்டும் பென்டிரைவில் இழுத்துப் போட்டால், அன்றைய வியாபாரம் வாலோடு இங்கேயே தங்கிவிடும். பேக்கப்புக்கு வேக்கம் இன்டு கட்டளையைப் பயன்படுத்துங்கள். எடுத்த நகலில் இன்டெக்ரிட்டி செக் ஓட்டி ஓகே வருகிறதா என்றும் பாருங்கள்.

எல்எம்டிபி 2011-இல் ஓபன்எல்டாப் என்ற டைரக்டரி சர்வர் திட்டத்துக்காக ஹோவர்டு சூ எழுதியது. மாற்றம் எதுவும் பழைய பக்கத்தின் மேல் எழுதப்படாது, புதிய பக்கத்தில் போகும். அதனால் கரண்ட் போனாலும் பழைய நிலை அப்படியே இருக்கும். பல்லாயிரம் பொருள் விலையைத் தேடித் தேடிக் காட்டும் வேலைக்கு மிக நல்லது. பில் கணக்குக்கு வேண்டாம், ஏனென்றால் கீயும் மதிப்பும் தவிர வேறெதுவும் இல்லை. தேதிவாரி ஜிஎஸ்டி தொகுப்புக்கு எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டும். தொடக்க மேப் அளவு (ஃபைல் வளரக்கூடிய உச்ச அளவு) 10 எம்பிதான், நிறைந்தால் மேப் ஃபுல் பிழை. சரியென்று 10 ஜிபி கொடுத்தால் விண்டோஸில் காலி ஃபைலே டிஸ்க்கில் 10 ஜிபி பிடிக்கும், 32 பிட் கணினியில் திறக்கவே திறக்காது. படிக்கத் தொடங்கி மூடாமல் விட்ட ஒரு திரை போதும்: அழித்த இடம் மறுபடி பயன்படாது, ஃபைல் வீங்கிக்கொண்டே போகும்.

பெர்க்லி டிபி திறமையானதுதான். ஆனால் விபத்துக்குப் பிறகு மற்ற எவரும் திறக்கும் முன் ஒரே ஒரு புராசஸ் (ஓடும் புரோகிராம்) ரிகவரி என்ற மீட்பு வேலையை ஓட்ட வேண்டும் என்ற ஒழுக்கத்தைக் கடையில் யார் காப்பது? லாக் ஃபைல்களைக் குப்பை என்று நினைத்து அழிக்கிறவரும் உண்டு. 2013-இல் 6.0 பதிப்போடு உரிமம் ஏஜிபிஎல்லுக்கு (மூலநிரலைத் திறந்து தரச் சொல்லும் உரிமம்) மாறியதால், மூலநிரலைத் தராமல் மென்பொருள் விற்கிறவருக்குச் சிக்கல். ஏற்கெனவே அதில் இருந்தால் இருங்கள்.

இரண்டாவது கவுண்ட்டர் விஷயத்தில் நான்குமே ஒரே மாதிரி வழுக்கும். ஷேர்டு ஃபோல்டரில் ஃபைலை வைத்து மூன்று கணினியிலிருந்து திறப்பது இங்கே எல்லோரும் செய்வது. டிபிஎஃப்பில் விண்டோஸின் கேஷ் (நினைவகத்தில் வைத்திருக்கும் தற்காலிக நகல்) இண்டெக்ஸைக் கெடுக்கும். எஸ்க்யூலைட்டின் வால் முறையும் எல்எம்டிபியும் நெட்வொர்க் ஃபோல்டருக்கு ஆனவையே அல்ல. ஃபைல் இருக்கும் கணினியில் ஒரு சின்ன சர்வீஸ் ஓடட்டும், மற்ற கவுண்ட்டர்கள் அதனிடம் கேட்கட்டும்.

இனித் தமிழ். யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். வில்லியனூர் என்ற பெயரில் 11 குறி, 33 பைட். டிபிஎஃப்பில் 30 அகல ஃபீல்டில் போட்டால் புள்ளி உதிர்ந்து ‘வில்லியனூர’ என்று நிற்கும். பழைய ஒரு பைட் எழுத்துருவிலிருந்து மாற்றும்போது ஃபீல்டு அகலத்தை மூன்று மடங்காக்காதவருக்கு இது நிச்சயம்.

வரிசை இன்னும் மோசம். நான்கு லைப்ரரியும் பைட்டைப் பார்த்துத்தான் அடுக்கும். யூனிகோடில் ன என்பது ப-வுக்கு முன்னால் இருப்பதால் கனகா முதலில் வந்து கமலா பின்னால் போவார். புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால் இருப்பதால் காட்டுமன்னார்கோயிலுக்கு முன்னால் காடாம்புலியூர் வந்து நிற்கும். எஸ்க்யூலைட்டுக்கு ஐசியு (மொழிவாரி அகரவரிசை தெரிந்த யூனிகோடு லைப்ரரி) சேர்க்கலாம், எல்எம்டிபியிலும் பெர்க்லி டிபியிலும் சொந்த ஒப்பீட்டு ஃபங்ஷன் கொடுக்கலாம். ஆனால் அந்த ஃபங்ஷன் இல்லாத வேறொரு கருவி அதே ஃபைலில் எழுதினால் இண்டெக்ஸ் குழம்பும்.

தனியாக ஒரு கீ ஃபீல்டு வைப்பதே மேல். க முதல் ன வரை 21 முதல் 38. புள்ளிக்கு 00, அகரம் முதல் ஔகாரம் வரை 01 முதல் 12. மெய்யெண்ணும் உயிரெண்ணும் சேர்ந்து ஓர் எழுத்துக்கு நான்கு இலக்கம். சொல்லின் முதலில் வரும் உயிருக்கு 0100 முதல் 1200 வரை, ஜ, ஷ, ஸ, ஹ 39-லிருந்து. காட்டு என்பது 210225002505, காடா என்பது 21022502. ஒன்பதாவது இலக்கம் வரை போகாமலே எட்டாவதில் 0-வும் 2-வும் மோதி, காட்டு முன்னே வந்துவிடும். வில்லியனூர் 24 பைட்டில் முடிகிறது, பெயரைவிடக் கீ சின்னது. முன்னெழுத்தையும் (இனிஷியல்) அதன் பின் வரும் முற்றுப்புள்ளி, இடைவெளியையும் நீக்கிய பிறகு கீயை உருவாக்குங்கள். பெயரைத் திருத்தும் திரையிலும் கீயை மறுபடி கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் திருத்திய பெயர் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.