டாவின்சி ரிசால்வின் டெலிவர் பக்கம்: பெயரிடலும் பிரீசெட்டும்

கோத்தகிரியில் நாங்கள் நடத்தும் சிறிய கூடத்தில் திருமணப் படங்களுக்கும், தேயிலைத் தோட்ட விடுதிகளின் விளம்பரங்களுக்கும், நண்பர்களின் குறும்படங்களுக்கும் கலர் கிரேடிங் (படத்தின் வண்ணத்தையும் ஒளியையும் சீரமைத்தல்) செய்து தருகிறோம். இவை அனைத்துக்கும் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ 18.6 பதிப்பையே பயன்படுத்துகிறோம். அதன் வண்ணச் சக்கரங்களையும் நோடுகளையும் (வண்ண மாற்றங்களை அடுக்கும் படிகளையும்) விளக்குவதற்குத் தமிழில் பலர் இருக்கிறார்கள். வேலை முடிந்து கோப்பு வெளியேறும் டெலிவர் பக்கத்தைப் பற்றி, அதிலும் கோப்புகளுக்குப் பெயர் வைப்பது, ரெண்டர் அமைப்புகளை (முடித்த படத்தைக் கோப்பாக எழுதும் விதத்தை) மறுபடி பயன்படுத்தப் பிரீசெட்டாகச் சேமிப்பது ஆகிய இரண்டைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயரிடுவதற்கான வசதிகள் இந்த மென்பொருளில் மிக நன்றாக அமைந்திருக்கின்றன, ஆனால் அவற்றின் முழுப் பயனும், காட்சிகளைக் கணினியில் ஏற்றும் நாளிலேயே விவரங்களை ஒழுங்காக எழுதி வைப்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

மலையில் வேலை செய்பவர்களுக்குப் பெயர்க் குழப்பத்தால் வரும் இழப்பு அதிகம். பெரிய மாஸ்டர் கோப்பை (முழுத் தரமுள்ள இறுதிப் பிரதியை) இணையத்தில் ஏற்றுவதைவிட, ஹார்ட் டிஸ்கில் போட்டு மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குக் கொடுத்தனுப்புவதே பல நேரங்களில் விரைவாக முடிகிறது. அந்த டிஸ்கைக் கீழே திறந்து பார்ப்பவர் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதியது’ என்று இரண்டு கோப்புகளைக் கண்டு தவறானதை எடுத்துக்கொண்டால், சரியானதை மறுபடியும் அனுப்ப ஒரு நாள் போய்விடும். தேதி, படம், காட்சித் தொகுதி, பதிப்பெண், கோப்பின் நோக்கம் ஆகியவை பெயரிலேயே இருந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைக்காமலேயே பெறுபவர் முடிவெடுக்க முடியும்.

டெலிவர் பக்கத்தின் இடப்புறத்தில் ரெண்டர் அமைப்புகள் இருக்கின்றன. அவை வீடியோ, ஆடியோ, ஃபைல் என்ற மூன்று டேப்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இவற்றில் மூன்றாவதைப் பலர் திறப்பதே இல்லை என்பது வருந்தத்தக்கது. டாவின்சி சிஸ்டம்ஸ் நிறுவனத்தை 2009இல் பிளாக்மேஜிக் வாங்குவதற்கு முன்பு இது பெரிய திரைப்படக் கூடங்களுக்கான கருவியாக இருந்தது. அந்தப் பரம்பரையை இந்த ஃபைல் டேபில் தெளிவாகக் காணலாம். பிரேம் எண்ணுக்கு எத்தனை இலக்கங்கள் வேண்டும், ஒவ்வொரு கிளிப்பையும் தனி ஃபோல்டரில் வைக்க வேண்டுமா, கிளிப்பின் முன்னும் பின்னும் எத்தனை பிரேம்களைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்பன போன்ற, சிறிய மென்பொருள்கள் கேட்காத கேள்விகளை இது கேட்கிறது. ‘தனித்துவமான கோப்புப் பெயர்’ என்ற தேர்வும் இங்கேதான் உள்ளது. இரண்டு சோனி கேமராக்களில் எடுத்த திருமணத்தில் இரண்டு கார்டுகளிலும் சி0001 என்ற பெயரிலேயே கோப்பு இருப்பது சாதாரணம். கிளிப் கிளிப்பாக ரெண்டர் செய்து மூலப் பெயரையே வைத்துக்கொள்ளும்போது ஒன்றின்மேல் ஒன்று எழுதப்படாமல் இந்தத் தேர்வு காப்பாற்றுகிறது.

இந்தப் பக்கத்தில் என்னை மிகவும் கவர்ந்தது மெட்டாடேட்டா மாறிகள்தான். கோப்புப் பெயர் எழுதும் கட்டத்தில் % குறியைத் தட்டினால், டைம்லைன் (தொகுத்த காட்சி வரிசை) பெயர், ஸீன், ஷாட், டேக் போன்றவற்றின் பட்டியல் விரிகிறது. வேண்டியவற்றைத் தேர்ந்து நடுவில் அடிக்கோடு இட்டுவிட்டால், ஒவ்வொரு கோப்புக்கும் உரிய மதிப்பை மென்பொருளே நிரப்பிக்கொள்கிறது. கையால் தட்டச்சு செய்யும் இடம் குறையக் குறைய எழுத்துப் பிழையும் குறைகிறது. ஆயினும் மீடியா பக்கத்தில் ஸீன், ஷாட் விவரங்களை எழுதாமல் விட்டிருந்தால் இந்த மாறிகளுக்கு நிரப்புவதற்கு எதுவும் இருக்காது. ஆகவே எங்கள் கூடத்தில் படப்பிடிப்பு முடிந்த அன்று மாலையே, கார்டுகளை நகலெடுக்கும் நேரத்தில், உதவியாளர் உட்கார்ந்து சடங்கு வாரியாக இந்த விவரங்களை நிரப்பிவிடுகிறார். படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவைப் போல, வெள்ளை உடுத்திய பெரும் கூட்டம் ஒருபுறமும் பனிமூட்டம் மறுபுறமுமாக இருக்கும் காட்சிகளில் இது மிகவும் உதவுகிறது. வெயிலில் எடுத்த வெள்ளைக்கும் மூடுபனியில் நீலம் பாய்ந்த வெள்ளைக்கும் வேறு வேறு கிரேடு தேவைப்படுவதால், ‘பனி’, ‘வெயில்’ என்ற குறிப்பை ஷாட் விவரத்திலேயே சேர்த்துவிடுகிறோம். அது அப்படியே கோப்புப் பெயருக்கும் வந்துவிடுகிறது.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, ரெண்டர் கோப்புகளுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். இதைச் சொல்வதற்கு எனக்கே மனமில்லை என்றாலும் காரணம் வலுவானது. ‘கோத்தகிரி’ என்பதில் வரும் ‘கோ’வின் உயிர்க்குறியை ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பின் நீண்ட வடிவமும் (ே) காலும் (ா) என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். விண்டோஸில் தட்டச்சு செய்யும்போது பெரும்பாலும் முதல் வடிவம் வருகிறது. மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வடிவில் உள்ள வட்டு, பெயரைச் சேமிக்கும்போது இரண்டாவது வடிவத்துக்குப் பிரித்துவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள் ஆகிவிடக்கூடும். அப்போது கோப்பை மறுபடி இணைக்கும் வேலை தடைபடும். ஆங்கில எழுத்துக்கு மாறினாலும் தொல்லை முழுவதும் தீர்ந்துவிடாது. ஊட்டி, உதகை, உதகமண்டலம் என ஒரே ஊருக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரை எழுதுவார்கள். கோத்தகிரியின் ஆங்கில எழுத்துக்கூட்டலே ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆதலால் ஒவ்வொரு ஊருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்றை முடிவு செய்து சுவரில் ஒட்டியிருக்கிறோம். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுகிறோம். அப்படி எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். பதிப்பெண்ணுக்கு எப்போதும் இரண்டு இலக்கங்கள் தருகிறோம். பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடும் மென்பொருள்கள் 10ஐ 2க்கு முன்னால் வைத்துவிடும். 02 என்று எழுதினால் அந்தச் சிக்கல் எழாது. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவற்றை விண்டோஸ் ஏற்பதில்லை என்பதையும், ஃபோல்டர்களை அடுக்கடுக்காக வைத்தால் முழுப் பாதையும் 260 எழுத்துகளைத் தாண்டிச் சில மென்பொருள்களில் கோப்பு திறக்காமல் போகலாம் என்பதையும் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பிரீசெட்டுகளைப் பொறுத்தவரை, யூடியூப், விமியோ, ஹெச்.264 மாஸ்டர், புரோரெஸ் முதலியவற்றுக்கான ஆயத்த அமைப்புகள் மேலே ஒரு பட்டையாக வரிசையிட்டு நிற்கின்றன. அவை தொடக்கத்துக்குப் போதுமானவை. நம்முடைய அமைப்பை முடிவு செய்துவிட்டு, மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்திப் புதிய பிரீசெட்டாகச் சேமித்துக்கொள்ளலாம். எங்களிடம் நிலையாக இருப்பவை சிலவே: வாடிக்கையாளர் ஒப்புதலுக்கான சிறிய கோப்பு, டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற உயர்தர வடிவிலான மாஸ்டர், யூடியூபுக்கானது, உறவினர்களின் கைபேசிகளுக்கானது. வாட்ஸ்அப் 2 ஜிபி வரை கோப்புகளை அனுமதிப்பதால், கடைசி வகைக்கு விநாடிக்கான பிட் அளவைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறோம். பிரீசெட்டின் பெயரில் கோடெக்கை (சுருக்கும் முறையை) மட்டும் எழுதாமல், அது யாருக்காக என்பதை முதலில் எழுதுவது நல்லது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போதும் குழப்பம் வராது. பட்டை கிடைவாக்கில் நீள்வதால் எண்ணிக்கை கூடக் கூடத் தேடும் வேலையும் கூடுகிறது. பயன்படாதவற்றை அவ்வப்போது நீக்கிவிடுவதே இதற்கு வழி. பிரீசெட்டுகளை ஏற்றுமதி செய்து மற்றொரு கணினியில் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதால், புராஜெக்ட் நகல்களோடு அவற்றையும் ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறோம்.

ஒப்புதல் கோப்புக்கான அமைப்பில் டேட்டா பர்ன்-இன் வசதியையும் சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். படத்தின் ஓரத்தில் டைம்கோடும் (ஒவ்வொரு பிரேமின் நேரக் குறியும்) பதிப்பெண்ணும் பதிந்திருந்தால், கைமாறும்போது யாரேனும் கோப்பின் பெயரை மாற்றிவிட்டாலும் எந்தப் பதிப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

வலப்புறமுள்ள ரெண்டர் வரிசையைப் பற்றிக் கலரிஸ்டுகள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. வரிசையில் ஒரு வேலையைச் சேர்க்கும்போது அதன் ரெண்டர் அமைப்புகளும் கோப்புப் பெயரும் பதிவாகின்றன. ஆனால் அந்த நேரத்துக் கிரேடு உறைந்துவிடுவதில்லை. பதிப்பு 03 என்று வரிசையில் வைத்துவிட்டு, பிறகு கலர் பக்கத்துக்குப் போய் ஒரு நோடை மாற்றினால், மாற்றிய கிரேடே 03 என்ற பெயரில் வெளிவரும். பெயர் உண்மையாக இருக்க வேண்டுமானால், அனுப்பும் ஒவ்வொரு பதிப்புக்கும் டைம்லைனை நகலெடுத்து, நகலின் பெயரிலேயே பதிப்பெண்ணை வைத்து, கோப்புப் பெயரில் டைம்லைன் பெயர் மாறியைப் பயன்படுத்த வேண்டும். அதோடு கிரேடுகள் லோக்கல் வெர்ஷனாக (அந்த டைம்லைனுக்கு மட்டும் உரியதாக) இருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ரிமோட் வெர்ஷனாக இருந்தால், அதே மூலக் கிளிப்பைப் பயன்படுத்தும் எல்லா டைம்லைன்களிலும் ஒரு மாற்றம் ஒன்றுசேரப் பரவும். ஒதுக்கி வைத்த பழைய பதிப்பும் நம்மை அறியாமல் மாறிவிடும். இந்த வேறுபாட்டைக் கற்றுத்தராமல் கிரேடிங் பயிற்சியை நிறைவு செய்வது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் எங்கள் ஊருக்கு இன்னொரு பரிசீலனையும் தேவைப்படுகிறது. எம்பி4, குயிக்டைம் போன்ற ஒற்றைக் கோப்புகளில் அட்டவணைப் பகுதி பொதுவாகக் கடைசியில் எழுதப்படுவதால், யுபிஎஸ் தாங்கும் நேரத்தையும் கடந்து மின்வெட்டு நீடித்து ரெண்டர் பாதியில் நின்றால் அந்தக் கோப்பு திறக்காது. முக்கியமான மாஸ்டரை டிபிஎக்ஸ் அல்லது டிஃப் வரிசையாக, அதாவது பிரேமுக்கு ஒரு படக் கோப்பாக, ரெண்டர் செய்தால், முடிந்த பிரேம்கள் அப்படியே கிடைக்கும். மீதிப் பகுதிக்கு மட்டும் தொடக்கத்தையும் முடிவையும் (இன், அவுட்) குறித்துத் தொடரலாம். இங்கேதான் ஃபைல் டேபின் இலக்க எண்ணிக்கை பயன்படுகிறது: விநாடிக்கு 25 பிரேம் வீதம் ஒரு மணி நேரத்துக்கு 90,000 பிரேம்கள் என்பதால், இயல்பாக அமைந்துள்ள 8 இலக்கங்களைக் குறைக்காமல் விடுவது பாதுகாப்பு. இடத்தைத்தான் கணக்கிட வேண்டும். 1920×1080 அளவில் 10 பிட் டிபிஎக்ஸ் பிரேம் ஒன்று சுமார் 8.3 எம்பி என்பதால், ஒரு நிமிடத்துக்கு 12 ஜிபிக்கு மேல் ஆகும். முழுத் திருமணத்துக்கும் இது நடைமுறைக்கு ஒவ்வாது. குறும்படங்களுக்கு நிச்சயமாகச் செய்யலாம்.

ஸ்டுடியோ பதிப்பு ஒருமுறை மட்டும் பணம் செலுத்தி வாங்குவது. அமெரிக்க விலை பல ஆண்டுகளாக 295 டாலராக இருந்து வருகிறது. ஆனால் நான் மேலே பேசிய பெயரிடல், மாறிகள், பிரீசெட்டுகள், ரெண்டர் வரிசை ஆகியவற்றுக்காக மட்டும் அதை வாங்க வேண்டியதில்லை. 3840×2160 அளவு வரை ரெண்டர் செய்யும் இலவசப் பதிப்பிலேயே அவை இருக்கின்றன. குன்னூரிலோ கூடலூரிலோ புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் முதலில் அந்தப் பதிப்பை நிறுவி, ஒரு சிறிய படத்தை எடுத்துக்கொண்டு, ஸீன், ஷாட் விவரங்களை நிரப்புவதில் தொடங்கி மாஸ்டர் வரை ஒருமுறை முழுமையாகச் செய்து பார்க்கலாம். பணம் கொடுத்து வாங்குவதைப் பெரிய அளவுகளோ படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும், ஸ்டுடியோவுக்கே உரிய நாய்ஸ் ரிடக்‌ஷனோ தேவைப்படும்போது யோசித்துக்கொள்ளலாம்.