மைக்கா ஒட்டுவதற்கு முன் பலகையைப் பாருங்கள்: குழந்தை அறை அலமாரியில் நான் ஏமாந்தது

மகளின் அறைக்கு ஒரு மர அலமாரி செய்யக் கொடுத்து ஏமாந்துவிட்டேன். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அது அவள் மேலேயே சாயப் பார்த்ததை நினைத்தால் இன்னும் பதறுகிறது. குழந்தைக்கு அலமாரி செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

பேசியது இதுதான்: ஐந்தடி உயரம், மூன்றடி அகலம், நடுவில் ஒரு தடுப்பு, எல்லாமே 18 மி.மீ. ப்ளைவுட், உள்ளேயும் வெளியேயும் மைக்கா (பலகை மேல் ஒட்டும் மெல்லிய தகடு), கடைசியில் சுவரோடு சேர்த்து முடுக்கித் தர வேண்டும். தச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "குழந்தை இருக்கிற வீடு, இங்கே அறுத்தா தூசி பறக்கும். பட்டறையிலேயே முடிச்சுக் கொண்டு வந்துடறேன்க்கா" என்றார். நம் நல்லதுக்குத்தானே சொல்கிறார் என்று சரி சொன்னேன். பாதிக்கு மேல் முன்பணம் கொடுத்தேன். எதையும் எழுதி வாங்கவில்லை.

வந்து இறங்கியபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடுத்தடுப்பு மட்டும் இல்லை. கேட்டால், "தடுப்பு வச்சா பொம்மைக் கூடை உள்ளே போகாதுக்கா." டிரில் கொண்டுவரவில்லை, நாளைக்கு வந்து சுவரில் முடுக்கிவிடுகிறேன் என்று மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். அதோடு சரி, திரும்ப வரவே இல்லை.

முதலில் தெரிந்தது நெடி. இரண்டு வாரம் ஆகியும் அறைக் கதவைத் திறந்தால் மூக்கில் ஏறியது, மகள் கண் எரிகிறது என்றாள். தட்டுகளின் அடியில் கைவைத்துப் பார்த்தேன். மைக்காவே இல்லை, பலகை சொரசொரவென்று அப்படியே கிடந்தது. இந்த மாதிரிப் பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கசியும். மேலே மைக்காவும் ஓரத்தில் பட்டையும் ஒட்டினால் கசிவு நன்றாகக் குறையும். திறந்து கிடந்தால் கசிந்துகொண்டே இருக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே இந்த வாயுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. குழந்தை தூங்குகிற அறையில் இதை வைத்திருந்தேன்.

அடுத்து, புத்தகம் அடுக்கிய தட்டு நடுவில் தொய்ந்தது. அளந்தால் 12 மி.மீ. ஒரே வகைப் பலகையில் 18 மி.மீ. கனம் என்றால், 12-ஐவிட மூன்று மடங்குக்கு மேல் வளையாமல் தாங்கும். போதாததற்கு மூன்றடி நீளத்துக்கு நடுவில் ஒரு தாங்கலும் இல்லை. தடுப்பு வேண்டாம் என்று அவர் சொன்னது கூடைக்காக இல்லை, பலகையை மிச்சம் பிடிக்க.

அப்புறம் ஒரு நாள் அவளுடைய தண்ணீர் பாட்டில் கீழ்த்தட்டில் கவிழ்ந்தது. மறுநாள் அந்த ஓரம் உப்பி, மைக்கா பிளந்துகொண்டு நின்றது. விரலால் சுரண்டினேன், ஈரத் தூளாக உதிர்ந்தது. ப்ளைவுட்டே இல்லை. மரச்சில்லையும் தூளையும் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு.

அந்த வாரமே அவள் மேல்தட்டில் இருந்த கரடி பொம்மையை எடுக்க இரண்டாவது தட்டில் கால் வைத்து ஏறியிருக்கிறாள். நான் பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருந்தேன். அலமாரி முன்னால் வருவதைப் பார்த்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். அவள் கால் வைத்த தட்டு கழன்று விழுந்தது. அதன் ஸ்க்ரூவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மரைகளுக்கு நடுவே மரத்தூள் அடைத்திருந்தது. பிடிப்பே இல்லாமல் தூளோடு உருவிக்கொண்டு வந்திருக்கிறது.

2016-ல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. சுவரில் பொருத்தாதவை சாய்ந்து குழந்தைகள் இறந்ததுதான் காரணம். இதை நான் பிறகுதான் படித்தேன். படித்த இரவு தூக்கமே வரவில்லை.

தச்சருக்குப் போன் செய்தேன். "குழந்தையை ஏற விடலாமாக்கா?" என்றார். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

குழந்தை ஏறத்தான் செய்யும். அதனால் சுவரில் முடுக்கி முடிக்கும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பட்டறையில் செய்வதென்றால் மைக்கா ஒட்டும் முன் நேரில் போய் அறுத்த ஓரத்தைப் பாருங்கள். ப்ளைவுட் என்றால் அடுக்கடுக்காகக் கோடு தெரியும், பார்ட்டிகிள் போர்டு என்றால் சில்லுச்சில்லாகத் தெரியும். ஒட்டிய பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். கனம், தடுப்பு, எங்கெங்கே மைக்கா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கனமான சாமான்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள். அவளுக்குப் பிடித்த பொம்மையை உயரத்தில் வைத்தது என் தவறு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வேறு ஒரு தச்சரிடம் கொடுத்திருக்கிறேன். அந்த ஸ்க்ரூவைத்தான் முதலில் காட்டினேன். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு ப்ளைவுட் துண்டை எடுத்து, அறுத்த பக்கத்தை என் பக்கமாகத் திருப்பினார். ஒவ்வொரு அடுக்காக நான் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தார்.