சிடிசி ரோலர் தீட்ட குன்னூர்ப் பக்கம் ஒரு நல்ல பட்டறை

சிடிசி ரோலர் என்பது தேயிலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தூளாக்கும் பல் வைத்த உருளை. அதன் பல் மழுங்கிவிட்டால் தூளில் நார் ஏறும், ஏலத்தில் விலை விழும். எங்கள் தேயிலைத் தொழிற்சாலை ரோலர்களை இப்போது குன்னூர்-கோத்தகிரி சாலையில் இருக்கும் சின்ன லேத் பட்டறையில்தான் கொடுக்கிறோம். வேலை படு சுத்தம். மில்லிங், சேசிங் (ரோலரில் பல் வெட்டித் தீட்டும் வேலைகள்) முடிந்து வந்த ரோலரில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், ஒரு பல்கூட ஏறி இறங்கவில்லை.

அங்கே சேசிங் பார்ப்பவர் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த ஒரு பெண். பட்டனை அமுக்கு, நிறுத்து என்பதோடு அவரை விட்டுவிடவில்லை. கட்டர் தீட்ட, அளவு வைக்க, ரோலரைச் சென்டர் பார்த்து மாட்ட என்று முழுத் தொழிலையும் முதலாளி பழக்கியிருக்கிறார். கூலி ரோலர் கணக்கு. பக்கத்து மெஷினில் நிற்கும் உள்ளூர்ப் பையனுக்கும் அதே ரேட். "அக்காதானுங்க எனக்குக் கட்டர் பிடிக்கவே சொல்லிக்கொடுத்தாங்க" என்றான் அவன்.

தொழிற்சங்கத்தில் இருந்தவன் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம். முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இந்தக் கூலி விஷயத்தை வைத்துத்தான் அவ்வளவு சண்டை. வெயர் என்ற இன்ஜினியரிங் கம்பெனி அமெரிக்காவிலிருந்து ஆள் இறக்கி, உள்ளூர்க்காரர்களைவிட அதிகச் சம்பளம் கொடுத்தது. 1915 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அப்புறம் குண்டு உற்பத்திக்காக, கைதேர்ந்தவர்கள் செய்த வேலையைத் துண்டு போட்டுப் பெண்களுக்கும் பழகாதவர்களுக்கும் கொடுக்க அரசு இறங்கியது. மலிவுக் கூலியைக் காட்டி நம் கூலியையும் இறக்கிவிடுவார்களே என்பதுதான் தொழிலாளர்களின் பயம். நியாயமான பயம். அங்கே பார்க்ஹெட் ஃபோர்ஜ் என்ற இரும்பாலையில், தொழிலாளர் பிரதிநிதி டேவிட் கிர்க்வுட்டும் தோழர்களும் 1916 ஜனவரியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: ஆணா பெண்ணா, முன்அனுபவம் உண்டா என்று பார்க்கக் கூடாது, செய்த வேலைக்கு அந்த வேலைக்குரிய கூலி. மார்ச்சில் கிர்க்வுட்டையே அரசு ஊரைவிட்டு வெளியேற்றியது. போர் முடிந்ததும், 1919 சட்டம் கைதேர்ந்தவர்களுக்கே அந்த வேலை என்ற போருக்கு முந்திய நடைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தது. மெஷினில் நின்ற பெண்களில் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்தப் பட்டறையில் அந்தப் பெண்ணை நாளைக்கு யாரும் அப்படி அனுப்ப முடியாது. சேசிங்கில் அவர் கை அப்படி.

குறை என்றால், கொழுந்து குவியும் மாதங்களில் காத்திருக்க வேண்டும், முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். பட்டறைக்கு இறங்கும் வழி குறுகல். லாரி திரும்பாது, பிக்கப்பில் ஏற்றிப் போங்கள்.