பாம்பெர்க் பியர்: எதை அங்கேயே குடிப்பது, எதை வீட்டுக்குக் கொண்டுவருவது?

ஜெர்மனியில் எர்லாங்கனில் குடியிருக்கிறேன். இங்கிருந்து பாம்பெர்க் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுமார் 80 ஆயிரம் பேர் வாழும் அந்த ஊரில் பியர் காய்ச்சும் ஆலைகள், அதாவது புரூவரிகள், பத்துக்கும் மேல் இருக்கின்றன. நம் ஊரிலிருந்து வரும் நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அங்கே போய்த்தான் குடிக்கணுமா, வாங்கிட்டு வந்து வீட்டிலேயே குடிச்சா ஆகாதா?" பியருக்குப் பியர் இதற்குப் பதில் மாறும்.

முதலில், கட்டாயம் போய்க் குடிக்க வேண்டியது. வுண்டர்பூர்க் பகுதியில் இருக்கும் மார்ஸ் ப்ரொய் என்ற புரூவரி 1670 முதல் நடக்கிறது. அங்கே வடிகட்டாத ஒரு பியருக்குப் பெயரே 'ஊ'தான். 'உன்கெஷ்புண்டெட்' என்ற நீண்ட சொல்லின் முதல் எழுத்து அது. பியர் முதிரும்போது பீப்பாயை அடைப்பான் போட்டு இறுக்காமல் விட்டால் கரியமில வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அப்படி வாயு குறைந்த பியருக்கு அந்தப் பெயர். உள்ளூர்க்காரர்கள் "அ ஊ" என்று கேட்டாலே கிளாஸ் வந்துவிடுகிறது. நம் உயிரெழுத்து இரண்டைச் சொல்லி ஜெர்மனியில் பியர் வாங்குவது எனக்கு இன்றும் தனிச் சந்தோஷம்.

இதன் ருசியே மென்மைதான். நாக்கைக் குத்தாது. ரொட்டி மாவின் வாசனையும் லேசான ஈஸ்ட் மணமும் முன்னால் வரும், பியரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு பின்னால் மெதுவாக வரும். இது பாட்டிலிலும் கிடைக்கிறது. ஆனால் அங்கே குடித்துவிட்டு அதே வாரம் வீட்டில் பாட்டிலைத் திறந்தால், ஏதோ ஒரு சுற்று இறங்கியது போலத் தோன்றுகிறது. வடிகட்டாத பியர் அலைச்சலையும் சூட்டையும் தாங்காது.

சைஃபன் என்று ஒன்று உண்டு: கம்பி மூடி போட்ட பெரிய குடுவை, ஒன்று அல்லது இரண்டு லிட்டர் பிடிக்கும். சில புரூவரிகளில் குழாயிலிருந்தே பிடித்துக் கொடுப்பார்கள். அங்கேயும் இல்லை, பாட்டிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. குளிர்ப்பையில் வைத்துக் கொண்டுவந்து அன்று இரவே காலி செய்தால் நல்ல வழிதான். ஒரு தடவை பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் வாயில் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. உள்ளே புகுந்த காற்றின் ஆக்ஸிஜன் செய்யும் வேலை அது. அன்றிலிருந்து, கூடக் குடிக்க மூன்று பேராவது இல்லாமல் நான் சைஃபன் வாங்குவதில்லை.

அப்புறம் ரவுக்பியர், அதாவது புகை பியர். பியருக்கு அடிப்படை மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. ஒரு காலத்தில் அதைப் பெரும்பாலும் நெருப்புக்கு மேல் காயவைத்தார்கள், அதனால் பியர் என்றாலே புகை வாசனை சாதாரணம். புகை படாமல் காயவைக்கும் உலைகள் வந்ததும் அந்த வாசனை போய்விட்டது. பாம்பெர்கில் ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் என்ற இரண்டு புரூவரிகளும் அதை விடவில்லை. இன்றும் தங்கள் மால்ட்டைத் தாங்களே விறகுப் புகையில் காயவைக்கிறார்கள். ஷ்லெங்கர்லாவில் அது பீச் மர விறகு.

ஷ்லெங்கர்லா கதீட்ரலுக்குக் கீழே, பழைய நகரத்துச் சந்தில் இருக்கிறது. அந்த வீட்டைப் பற்றிய குறிப்பு 1405 முதலே உண்டு. உள்ளே மரப்பீப்பாயை மேடையில் ஏற்றி, சுத்தியலால் குழாயை அடித்து இறக்குகிறார்கள். வாயு அழுத்தம் எதுவும் கிடையாது, தன் கனத்திலேயே பியர் இறங்கும். கிட்டத்தட்டக் கறுப்பு நிறம், மேலே பழுப்பேறிய நுரை. முதல் வாயில் சுட்ட பன்றிக்கறி வாசனைதான் தெரியும், பலர் அப்படியே கிளாஸைத் தள்ளிவைத்துவிடுவார்கள். மூன்றாவது கிளாஸில்தான் பிடிக்கும் என்று அங்கே சொல்வார்கள். எனக்கு இரண்டாவதிலேயே பிடித்துவிட்டது.

அப்படியானால் இதையும் அங்கேதான் குடிக்க வேண்டுமா? இங்கே நான் வீட்டின் பக்கம். மரப்பீப்பாயில் புகை உருண்டு திரண்டு வரும், உண்மைதான். ஆனால் பாட்டிலிலும் இந்தப் பியர் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கிறது, புகை மால்ட்டின் கனமும் கைகொடுக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டில் நம் சாப்பாடு இருக்கிறது. மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறி வறுவலுக்கு ரவுக்பியர் போலப் பொருந்துகிற வேறொரு பானத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அடி பிடிக்கும்வரை சுண்ட வறுத்த மசாலாவின் மணமும் அந்தப் புகையும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். வாயு தூக்கலான பியர் காரத்தை இன்னும் எரிய வைக்கும். இந்த மால்ட்டின் லேசான இனிப்பு அதை அடக்குகிறது.

விலையிலும் வீடு ஜெயிக்கிறது. கடையில் ஒரு பாட்டில், அங்கே ஒரு கிளாஸின் விலையில் பாதிகூட வராது. 20 பாட்டில் பெட்டிக்கு முன்பணம் 3.10 யூரோ, திருப்பிக் கொடுத்தால் வந்துவிடும். வீட்டில் ஊற்றும்போது கிளாஸை மட்டும் கவனியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. குளிர்ந்த தண்ணீரில் அலசி, துடைக்காமல் ஊற்றுங்கள். பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து பத்து நிமிடம் முன்பே எடுத்து வைத்தால் புகை வாசனை திறந்து வரும்.

கோடைக்கு மட்டும் என் கணக்கு மாறும். பியரைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு காலத்தில் குன்றைக் குடைந்து நிலவறை வெட்டினார்கள். அவற்றின் மேலே மர நிழலில் பெஞ்சு போட்ட தோட்டங்களுக்கும் கெல்லர் என்றே பெயர். சில கெல்லர்களில் ஒரு பழக்கம் உண்டு: பியரை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு, சாப்பாட்டை வீட்டிலிருந்தே எடுத்துப்போகலாம். ஷ்பெட்சியால் கெல்லரில் உட்கார்ந்தால் கதீட்ரல் கோபுரங்கள் வரை ஊர் முழுக்கத் தெரியும். போன ஜூலையில் வேறொரு கெல்லருக்கு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். பக்கத்து மேசைப் பெரியவர் வறுவல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். இரண்டு துண்டு எடுத்துக்கொண்டவர், தன் முள்ளங்கித் தட்டை எங்கள் பக்கம் தள்ளிவைத்தார்.